நகையும் அழுகையும்: ஐதராபாத் நகைச்சுவைக் கலைஞர் வேணு எல்தண்டியின் திரைப்பயணமும் தெலங்கானா வட்டார வழக்கும்

முன்னுரை

தென்னிந்தியத் திரைப்பட வரலாறு பெரிதும் கதைத்தலைவர்களின் வரலாறாகவும் இயக்குநர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நகைச்சுவை நடிகர் அவ்வரலாற்றில் கிளைச்செய்தியாக மட்டுமே இடம்பெறுகிறார். படத்தின் நடுவே வந்து சிரிக்க வைத்துவிட்டு விலகிக்கொள்வது அவர் தொழில் என்று கருதப்படுவதே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும், அந்நடிகர்களுள் சிலர் இயக்குநர்களாக உயர்ந்துள்ளனர். அவ்வாறு உயர்ந்தபோது அவர்கள் தம் படத்திற்குள் எதைக் கொண்டுவந்தனர் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

அவ்வினாவை முன்வைத்து, ஐதராபாத்தில் தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞராகவும் திரைப்படத் துணைநடிகராகவும் விளங்கி, 2023 மார்ச்சு 3 அன்று வெளிவந்த 'பலகம்' என்னும் தெலுங்குப் படத்தின் வழி இயக்குநராக அறிமுகமான வேணு எல்தண்டியின் திரைப்பயணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளில் அவருக்கு முன்னர் இயக்குநரான நகைச்சுவைக் கலைஞர்கள் சிலர் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். நெடுங்காலம் சிரிப்பிற்குரியதாக மட்டும் திரையில் அனுமதிக்கப்பட்ட ஒரு வட்டார வழக்கு, அச்சிரிப்பை விற்றுப் பிழைத்த கலைஞன் ஒருவனின் கையாலேயே அழுகைக்குரிய மொழியாக மாறியது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தொல்காப்பியர் காட்டும் அண்மை

மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாகவும் அழுகையை இரண்டாவதாகவும் வைக்கிறது. இவற்றின் நிலைக்களன்களை ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நகை பிறக்கும் களன்களுள் ஒன்று எள்ளல். அழுகை பிறக்கும் களன்களுள் ஒன்று இளிவு, அதாவது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். எள்ளுகின்றவன் பக்கம் நின்றால் நகையாக இருப்பது, எள்ளப்படுகின்றவன் பக்கம் நின்றால் அழுகையாகி விடுகிறது. நிகழ்வு ஒன்றே, நிற்கும் இடம் வேறு.

உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்துக் காண்பார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளத் தான் நகுதல் மற்றொன்று. நகைச்சுவை நடிகனின் தொழில் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. தன் உருவம், நடை, பேச்சு ஆகியவற்றைப் பிறர் எள்ளுவதற்குத் தானே கொடுத்து, தானும் உடன் நகுகின்றவன் அவன். எனவே எள்ளலுக்கும் இளிவுக்கும் இடையிலுள்ள குறுகிய தொலைவை அவனைவிட நன்கறிந்தவர் இலர். அவன் இயக்குநராகும்போது அத்தொலைவைக் கடக்க முடிகிறதா என்பதே நம் முன் உள்ள வினா.

முன்னோர் மூவகை

தமிழில் இவ்வரிசையின் தலையாயவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957). நாகர்கோயில் ஒழுகினசேரியில் பிறந்து, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்று, 1930களின் நடுப்பகுதியில் திரைக்கு வந்தவர். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டனை பெற்று 1947இல் விடுதலையான பின்னர், 1951இல் 'மணமகள்', 1952இல் 'பணம்' ஆகிய படங்களை இயக்கினார். இரண்டிற்கும் உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. வரதட்சணையைச் சாடிய 'பணம்' கலைவாணரின் நகைச்சுவை கொண்டிருந்த சீர்திருத்த நோக்கத்தின் நீட்சியாகும். 1949இல் அண்ணாவின் எழுத்தில் உருவான 'நல்லதம்பி'யில் அவர் நிகழ்த்திய கிந்தனார் கதாகாலட்சேபமும், அவர் கையாண்ட வில்லுப்பாட்டும் நாட்டார் நிகழ்த்துகலையைத் திரைக்குக் கொண்டுவந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. கலைவாணர் நகைச்சுவையைக் கருத்துரைக்கும் கருவியாக்கினார். இது முதல் வகை.

இரண்டாம் வகைக்குச் சான்று ஜே. பி. சந்திரபாபு. 'சபாஷ் மீனா' (1958) படத்தில் சென்னைப் பேச்சு வழக்கைத் தம் நாவில் ஏற்றிப் பெரும்புகழ் பெற்ற அவர், 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்னும் படத்தை இயக்கி நடித்தபோது, தம்மை அடையாளப்படுத்திய சிரிப்பைப் பெரிதும் விலக்கிவைத்துத் துயரக் கதை ஒன்றைக் கூறினார். படம் வணிக வெற்றி பெறவில்லை. நகையை விட்டு விலகியே அழுகையை அடைய முடியும் என்னும் எண்ணம் இதில் செயற்பட்டுள்ளது.

தெலுங்கில் நகைச்சுவை நடிகர் கஸ்தூரி சிவராவ் 1950இல் 'பரமானந்தய்ய சிஷ்யுலு' படத்தை இயக்கினார். பி. பத்மநாபம் 1970இல், தெலுங்கில் இராமாயணம் பாடிய பெண்பாற் புலவர் மொல்லையின் வாழ்வைக் 'கதாநாயிகா மொல்லா' என்னும் பெயரில் படமாக்கினார். இலக்கிய வரலாற்றை நாடிய இம்முயற்சியை மூன்றாம் வகை எனக் கொள்ளலாம். இந்தியில் மெஹ்மூத் 1974இல் 'குன்வாரா பாப்' படத்தை இயக்கி, இளம்பிள்ளைவாதம் தாக்கிய குழந்தையை வளர்க்கும் ஏழை ஒருவனின் துயரைக் காட்டினார்.

இவர்கள் அனைவரும் நகையிலிருந்து வேறொன்றை நோக்கிச் சென்றவர்கள். தாம் எந்தப் பேச்சால் சிரிக்க வைத்தனரோ அந்தப் பேச்சையே துயரத்தின் மொழியாக முழுப்படத்திலும் நிறுத்தும் முயற்சி இவற்றின் மையமாக அமையவில்லை. வேணு எல்தண்டியின் தனித்தன்மையை இவ்விடத்திலிருந்தே மதிப்பிட வேண்டும்.

ஐதராபாத்தும் இரு வழக்குகளும்

சென்னையில் வேரூன்றியிருந்த தெலுங்குத் திரைப்படத் தொழில் படிப்படியாக ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்தது. 1976இல் அன்னபூர்ணா படப்பிடிப்பு நிலையமும் 1996இல் ராமோஜி திரைப்பட நகரமும் அமைந்தமை இம்மாற்றத்தின் முக்கியக் கட்டங்கள். தொழில் தெலங்கானாவின் தலைநகருக்கு வந்தபோதிலும் தெலங்கானாவின் மொழி திரைக்கு வந்துவிடவில்லை. திரைத்தெலுங்கு கிருஷ்ணா, குண்டூர், கோதாவரி மாவட்டங்களை உள்ளிட்ட கடலோர ஆந்திர வழக்கையே பொதுவழக்காகக் கொண்டிருந்தது. உருது ஆட்சிமொழியாக விளங்கிய நிசாம் ஆட்சிப் பகுதியில் உருவாகி, உருதுச் சொற்கள் மிகுந்து வழங்கிய தெலங்கானா வழக்கு கொச்சையெனக் கருதப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று இரு பகுதிகளும் ஒரே மாநிலமாக இணைக்கப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை.

இதன் விளைவாகத் தெலங்கானா வழக்கு திரையில் இரண்டு வாயில்கள் வழியாகவே நுழைந்தது. ஒன்று வில்லன், மற்றொன்று நகைச்சுவைப் பாத்திரம். 'பிரதிகடன' (1985) படத்தில் கோட்டா சீனிவாசராவ் ஏற்ற அரசியல்வாதிப் பாத்திரம் தெலங்கானா வழக்கில் பேசியமை முதல் வாயிலுக்குத் தக்க சான்று. கௌதம் கோஷின் 'மா பூமி' (1980), பி. நரசிங்கராவின் 'தாசி' (1988) போன்ற மாற்றுப் படங்கள் இதற்கு விதிவிலக்கு. 1990களில் விஜயசாந்தி நடித்த சில படங்களும் இவ்வழக்கைத் தலைமைப் பாத்திரத்திற்கு அளித்தன.

ஐதராபாத்தின் மற்றொரு பேச்சான தக்கினி உருதுவும் இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. 'கும்நாம்' (1965) என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத் ஐதராபாத்து வழக்கில் பேசிச் சிரிக்க வைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து 2005இல் வெளிவந்த 'தி அங்ரேஸ்' ஐதராபாத்து வட்டாரக் கலைஞர்களைக் கொண்டு தக்கினி வழக்கை மையமாக்கியது. எனினும் அதுவும் நகைச்சுவைப் படமே. அப்பேச்சு நகையின் எல்லையைத் தாண்டவில்லை.

2014 ஜூன் 2 அன்று தெலங்கானா தனிமாநிலமான பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. 'பெள்ளி சூப்புலு' (2016), 'பிதா' (2017), 'மல்லேசம்' (2019) ஆகிய படங்களில் இவ்வழக்கு இயல்பாக ஒலித்தது. 'பெள்ளி சூப்புலு'வில் நகைச்சுவை நண்பனாக இவ்வழக்கில் பேசிப் புகழ்பெற்ற பிரியதர்சி, 'மல்லேசம்' படத்தில் நெசவுக் கருவி கண்டறிந்த ஒருவரின் வேடத்தில் தலைமை நடிகரானார். அவரே 'பலகம்' படத்தின் முதன்மை நடிகராகவும் அமைந்தது தற்செயல் ஆகாது.

வேணு எல்தண்டி: துணைவேடமும் தொலைக்காட்சியும்

வேணு நெசவுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற சிர்சில்லாவைச் சேர்ந்தவர். ஐதராபாத்திற்கு வந்து சிறு வேடங்களில் நடித்தார். 2007இல் வம்சி பைடிபள்ளி இயக்கிய 'முன்னா' படத்தில் ஏற்ற 'டில்லு' என்னும் பாத்திரம் அவரை அடையாளப்படுத்தியது. அதன்பின் 'டில்லு வேணு' என்றே அழைக்கப்பட்டார். பாத்திரத்தின் பெயர் நடிகனின் இயற்பெயருக்கு முன்னே ஏறிக்கொள்வது நகைச்சுவை நடிகர்க்கு நேரும் பேறும் ஆகும், சிறையும் ஆகும்.

2013 பிப்ரவரியில் ஈடிவி தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஜபர்தஸ்த்' என்னும் நிகழ்ச்சி அவருக்குப் பரந்த அறிமுகம் அளித்தது. குழுக்களாகப் பிரிந்த கலைஞர்கள் குறுநாடகங்களை நிகழ்த்த, நடுவர்கள் மதிப்பிடும் போட்டி வடிவம் அது. அதன் தொடக்ககாலக் குழுத்தலைவர்களுள் வேணு ஒருவர். இத்தகைய நிகழ்ச்சிகள் எளிய மக்களின் குடும்பப் பூசலையும் பேச்சையும் உருவத்தையும் எள்ளலுக்குப் பொருளாக்குகின்றன என்னும் குறை கூறப்படுவதுண்டு. அக்குறையில் உண்மை உண்டு. எனினும் அம்மேடை ஒரு பயிற்சிக்களமாகவும் அமைந்தது என்பதை மறுத்தல் இயலாது. சில நிமிடங்களுக்குள் ஒரு குடும்பத்தையும் அதன் பூசலையும் நிறுவ வேண்டும். ஒவ்வொருவரையும் பேச்சாலேயே வேறுபடுத்திக் காட்ட வேண்டும். பல உறுப்பினர்களைக் கொண்ட ஒரு குடும்பத்தின் கதையைக் குழப்பமின்றிக் கூறும் திறன் வேணுவிற்கு இங்குப் பழகியிருக்க வேண்டும் எனக் கருதலாம்.

'முன்னா'வைத் தயாரித்தவர் நிசாமாபாத் பகுதியைச் சேர்ந்த தில் ராஜு. பதினாறு ஆண்டுகள் கழித்து 'பலகம்' அவருடைய பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் வழியாகவே வெளிவந்தது. சிறு வேடம் தந்த அதே இல்லம் பின்னர் இயக்கும் பொறுப்பையும் தந்தது எனலாம்.

'பலகம்': சுற்றமும் காக்கையும்

'பலகம்' என்னும் தெலுங்குச் சொல் சுற்றத்தையும் அதனால் வரும் வலிமையையும் குறிக்கும். கதை எளியது. கடனில் மூழ்கிய சாயிலு என்னும் இளைஞன், திருமணத்தில் வரும் வரதட்சணையைக் கொண்டு கடனை அடைக்கக் காத்திருக்கிறான். மண உறுதிக்கு இரண்டு நாள்களுக்கு முன் தாத்தா கொமுரய்யா இறந்துவிடுகிறார். சாவுக்கு உறவினர் கூடுகின்றனர். மூன்றாம் நாள் படைத்த சோற்றைக் காக்கை தொடவில்லை. ஐந்தாம் நாளும் தொடவில்லை. இறந்தவரின் மனக்குறை தீரவில்லை என ஊர் பேசுகிறது. பதினோராம் நாளுக்குள் அக்குறையை அறிந்து தீர்க்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் விருந்தில் ஒரு நல்லி எலும்பை முன்னிட்டு எழுந்த பூசலால் மகன் ஐலய்யாவும் மருமகன் நாராயணாவும் பகைத்துப் பிரிந்தமையே அக்குறை.

இக்கதையமைப்பில் நகைக்கும் அழுகைக்கும் உள்ள உறவு கருதத்தக்கது. முற்பகுதியில் சாவு ஒரு தடங்கல் மட்டுமே. தாத்தா இறந்ததைவிடத் தன் மண உறுதி தடைப்பட்டதே சாயிலுவின் கவலை. பூசலின் காரணம் ஓர் எலும்புத் துண்டு என்பது கேட்ட அளவில் சிரிப்பையே தரும். தொலைக்காட்சிக் குறுநாடகத்திற்கு ஏற்ற கரு அது. ஆனால் வேணு அதனைச் சிரிப்போடு விட்டுவிடவில்லை. பந்தியில் மருமகனுக்கு நேர்ந்தது உணவுக் குறை அன்று. பலர் முன்னிலையில் நேர்ந்த இளிவு. அவ்விளிவின் பெயரால் ஒரு பெண் இருபது ஆண்டுகள் பிறந்தவீட்டு வாயிலை மிதிக்க முடியாமற் போனது இழவினும் பெரிய இழப்பு. எள்ளலாகத் தொடங்கிய செய்தி எவ்வித மாற்றமும் இன்றி அழுகையின் களனாகிறது. தொல்காப்பியர் அடுத்தடுத்து வைத்த இரண்டு மெய்ப்பாடுகளின் அண்மையை இப்படம் ஓர் எலும்புத் துண்டைக் கொண்டு மெய்ப்பிக்கிறது.

தமிழறிஞர்க்கு இப்படம் வேறொரு வகையிலும் அணுக்கமானது. இறந்தோர்க்குப் படைத்த சோற்றைக் காக்கை உண்ணக் காத்திருக்கும் வழக்கம் தமிழகத்திலும் நிலவுகிறது. காக்கையின் கரைதல் தலைவனின் வரவை முன்னறிவித்ததைப் பாடிக் காக்கைபாடினியார் என்னும் பெயர் பெற்ற நச்செள்ளையாரின் பாடல் குறுந்தொகையில் 210ஆம் பாடலாக உள்ளது. திருவள்ளுவர் காக்கையைக் கூவி அழைத்துப் பகிர்ந்துண்ணும் பறவையாக எடுத்துக்காட்டியது சுற்றந்தழால் என்னும் அதிகாரத்தில்தான் (குறள் 527). பகிர்ந்துண்ணத் தவறிய ஒரு பந்தியால் சிதறிய சுற்றம், பகிர்ந்துண்ணும் பறவை உண்ண மறுத்ததால் மீண்டும் கூடுகிறது. திராவிட மொழிபேசும் மக்களிடையே காக்கையும் சுற்றமும் ஒருங்கே எண்ணப்படும் மரபு ஆழமானது என்பதற்கு இதனைத் துணைச்சான்றாகக் கொள்ளலாம்.

நிகழ்த்துகலையின் பங்கு

படத்தின் உச்சக்காட்சி வசனத்தால் அமையவில்லை, பாட்டால் அமைந்தது. பதினோராம் நாளில் கதைப்பாடகர்கள் வந்து, இறந்தவரின் குரலாக நின்று, சுற்றத்தார் ஒவ்வொருவரையும் விளித்துப் பாடுகின்றனர். வாரங்கல் பகுதியைச் சேர்ந்த மொகிலய்யா, கொமுரம்மா இணையர் இதில் தோன்றிப் பாடினர். மொகிலய்யா 2024 டிசம்பரில் மறைந்தார். கதைப்பாட்டு தெலங்கானாவில் 1946 முதல் 1951 வரை நடந்த உழவர் போராட்டக் காலத்தில் அரசியல் கருவியாகவும் பயன்பட்ட பின்னணி உடையது. இங்கு அது இழவு வீட்டிற்குரிய தன் பழைய இடத்திற்குத் திரும்புகிறது. கலைவாணர் வில்லுப்பாட்டையும் காலட்சேபத்தையும் தாமே நிகழ்த்தி, புதுக்கருத்தை அவ்வடிவத்தில் பெய்தார். வேணு ஒரு சிறு வேடத்தோடு ஒதுங்கி நின்று, அக்கலையை அதற்குரியவர்களிடமே ஒப்படைத்தார். சிரிக்க வைக்கும் கலைஞன் மேடையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தல் அரிது. அதனாலேயே இது குறிப்பிடத்தக்கது.

வரவேற்பும் வரம்பும்

தெலங்கானாவின் சிற்றூர்களில் மக்கள் திறந்தவெளியில் திரைகட்டி இப்படத்தைக் கூட்டமாகக் கண்டு அழுதனர். பிரிந்திருந்த உடன்பிறந்தோர் படம் கண்டபின் கூடியதாகவும் செய்திகள் வெளியாயின. 2024இல் ஐதராபாத்தில் நடைபெற்ற தென்னிந்திய ஃபிலிம்பேர் விழாவில் சிறந்த தெலுங்குப் படம், சிறந்த இயக்குநர் ஆகிய விருதுகள் கிடைத்தன. 2025இல் தெலங்கானா அரசு மக்கள் பாடகர் கத்தர் பெயரால் வழங்கிய திரைப்பட விருதுகளில் 2023ஆம் ஆண்டிற்குரிய சிறந்த படமாகவும் தேர்வு பெற்றது. 71ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படத்தின் ஊர்ப்பாடலுக்காகக் காசர்ல சியாம் சிறந்த பாடலாசிரியர் விருது பெற்றார். கொச்சை என்று ஒதுக்கப்பட்ட வழக்கில் எழுந்த பாடல் தேசிய விருது பெற்றது மொழி வரலாற்றிலும் பதிவு செய்யத்தக்க செய்தியாகும்.

எனினும், படத்தின் வரம்புகளையும் சுட்டுதல் ஆய்வு நேர்மை. வரதட்சணையை நம்பிக் கடன்பட்ட இளைஞனின் நிலையைப் படம் நகையாகக் காட்டுகிறதேயன்றி, கலைவாணரின் 'பணம்' போல அவ்வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தவில்லை. ஆடவர் இருவரின் மானத்திற்காக வாழ்வின் பெரும்பகுதியை இழந்த மகளின் துயரம் உருக்கமாகக் காட்டப்படுகிறது. ஆனால் இணக்கத்தின் முடிவு ஆடவர் கையிலேயே நிற்கிறது. காக்கை பற்றிய நம்பிக்கையும் ஐயத்திற்கு உள்ளாவதில்லை. சீர்திருத்த நகைச்சுவையின் கூர்மை இங்கு இல்லை. அழுகையின் ஆழத்திற்காகக் கொடுக்கப்பட்ட விலை இது எனக் கருத இடமுண்டு.

'ஜபர்தஸ்த்' மேடையில் வேணுவுடன் தொடக்ககாலக் குழுத்தலைவராக விளங்கிய தன்ராஜும் 2025இல் 'ராமம் ராகவம்' படத்தின் வழி இயக்குநரானார். தெலுங்கிலும் தமிழிலும் உருவான அப்படத்தில் சமுத்திரக்கனி தந்தையாக நடித்தார். தந்தை மகன் உறவின் முறிவே அதன் பொருள். ஒரே நகைச்சுவை மேடையிலிருந்து வந்த இருவரும் முதற்படத்திற்குக் குடும்பத்தின் துயரையே தேர்ந்தமை, அம்மேடையில் சொல்ல முடியாது போனது எது என்பதை உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, ஒரு வட்டார வழக்கு வெகுமக்கள் கலைக்குள் நகையாகவே முதலில் நுழைகிறது. அதனைப் பேசத் தெரிந்தவனுக்குக் கூலி கிடைக்கும் ஒரே வாயிலாகப் பலகாலம் அது அமைகிறது. எனவே நகைச்சுவை நடிகர் அவ்வழக்கை இழிவுபடுத்துபவராகவும் காப்பவராகவும் ஒருங்கே இருக்கிறார். இரண்டாவதாக, அவர் இயக்குநராகும்போது நகையைத் துறக்க வேண்டியதில்லை. வேணு தம் பழைய கருவிகளான பேச்சு, குடும்பப் பூசல், அற்பக் காரணம் ஆகியவற்றையே கையாண்டு, பார்ப்பவர் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றினார். மூன்றாவதாக, ஒரு மக்கள்பிரிவு தன் பேச்சில் சிரிக்கப்படுவது எளிது; தன் பேச்சில் அழுவதற்கு அரங்கம் பெறுவதே அரிது. தெலங்கானா வழக்கிற்கு 2023இல் கிடைத்தது அவ்வரங்கமே.

இம்முடிவுகள் தமிழுக்கும் பொருந்தும். சென்னை வழக்கும் கொங்கு, நெல்லை வழக்குகளும் நம் திரையில் எவர் வாயில் ஒலித்தன, எப்போது நகையின் எல்லையைக் கடந்தன என்பது விரிவான ஆய்வுக்குரியது. அவ்வாய்வு கதைத்தலைவர்களிடமிருந்து தொடங்காமல் நகைச்சுவை நடிகர்களிடமிருந்து தொடங்கப்பெறுமாயின், மொழியின் சமூக வரலாறு மேலும் தெளிவுறும்.